இரண்டு லைன், ஒரே பள்ளம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அலுவலகத்துக்கு இணைய இணைப்பு வாங்கப் போகிறோம் என்றால் எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை எம்பிபிஎஸ்?" என்றுதான், அதாவது எவ்வளவு வேகம் என்று. நானும் அதைத்தான் கேட்டேன். எங்களுடையது பதினோரு பேர் வேலை செய்யும் அச்சகம். டிசைன் ஃபைல்கள் வருவதும் போவதும் இணையத்தில்தான், தொலைபேசியும் அதே இணையத்தில்தான் ஓடுகிறது. ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடம் லைன் வாங்கி, இரண்டுக்கும் மாதாமாதம் பணம் கட்டி, நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் தெருமுனையில் பொக்லைன் தோண்டியது, இரண்டு லைனும் ஒரே நொடியில் போய்விட்டன. இரண்டு கேபிளும் ஒரே குழாய்க்குள் வந்துகொண்டிருந்தன என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. விற்க வந்தவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று நாள் வேலை நின்றது. வாடிக்கையாளர்கள் அழைத்தால் இங்கே மணிகூட அடிக்கவில்லை, கடையை மூடிவிட்டீர்களா என்று நேரில் வந்து கேட்டவர்கள் உண்டு.

சிறு தொழில் செய்யும் மற்றவர்களாவது லைன் வாங்கும் முன்பு இதையெல்லாம் கேட்டுக்கொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

லைன் அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்து தருவீர்கள் என்று கேளுங்கள், பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். 99.9 சதவீதம் சேவை உத்தரவாதம் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 8 மணி 45 நிமிடம் லைன் இல்லாமல் இருக்கலாம் என்று அர்த்தம். வெறும் 99 சதவீதம் என்றால் 87 மணி நேரத்துக்கும் மேல், அதாவது மூன்றரை நாள்! சரிசெய்து தரும் நேரத்தை எப்போதிலிருந்து கணக்கிடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். லைன் போன நேரத்திலிருந்தா, நாம் புகார் கொடுத்து எண் வாங்கிய நேரத்திலிருந்தா? அவர்களே அறிவித்துச் செய்யும் பராமரிப்பு நேரம் பெரும்பாலும் இந்தக் கணக்கில் சேராது. இழப்பீடு என்று எழுதியிருப்பதும் வழக்கமாக அந்த மாத வாடகையில் ஒரு பங்கைக் கழிப்பதுதான். நம் கையை விட்டுப் போன ஆர்டருக்கு யாரும் பணம் தர மாட்டார்கள்.

வேகம் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. "100 எம்பிபிஎஸ் வரை" என்பதில் அந்த "வரை" இருக்கிறதே, அதைத்தான் கவனிக்க வேண்டும். ஒரே லைனைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கும்போது எல்லாரும் வேலை செய்யும் நேரத்தில் வேகம் குறையத்தான் செய்யும். எத்தனை பேரோடு பகிர்கிறோம் என்று கேட்டால் நல்ல நிறுவனம் பதில் சொல்லும். யாரோடும் பகிராத லீஸ்டு லைன் என்றால் விலை பல மடங்கு, எல்லாருக்கும் அது தேவைப்படாது. அப்புறம் அப்லோடு வேகம். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது டவுன்லோடு வேகத்தை மட்டும்தான். அப்லோடு 10 எம்பிபிஎஸ் என்றால் ஒரு ஜிபி ஃபைலை அனுப்பக் குறைந்தது 13 நிமிடம் ஆகும், 100 என்றால் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எங்களைப் போல அனுப்புவதே தொழிலாக இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய விஷயம்.

தொலைபேசிக்கு வேகமே வேண்டாம், ஓர் அழைப்புக்கு 100 கேபிபிஎஸ், அதாவது ஒரு எம்பிபிஎஸ்ஸில் பத்தில் ஒரு பங்கு போதும். குரல் விட்டு விட்டு வருகிறது என்றால் அது தாமதம் கூடிக் குறைவதாலும் தரவு வழியில் தொலைந்து போவதாலும்தான். ஒருவழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருந்தால் பெரும்பாலும் பேச்சில் குறை தெரியாது, சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையும் அதுதான். இன்னொன்று, பழைய செம்புக் கம்பி தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது, கரண்ட் போனாலும் பேசலாம். ஃபைபரில் அது கிடையாது. ரவுட்டருக்கும் சுவரில் மாட்டிய ஃபைபர் பெட்டிக்கும் யுபிஎஸ் இல்லையென்றால் தொலைபேசியும் செத்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்திடம் வாங்கினால் தள்ளுபடி உண்டு என்பார்கள். 2022 ஜூலை 8-ஆம் தேதி கனடாவில் ரோஜர்ஸ் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பிணையம் (நெட்வொர்க்) படுத்தபோது ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்குச் செல்போனும் இணையமும் சேர்ந்தே போயின, ஏனென்றால் இரண்டும் ஒரே மையப் பிணையத்தில் ஓடின. கடைகளில் டெபிட் கார்டு வேலை செய்யவில்லை, அவசர எண்ணுக்கே பலரால் அழைக்க முடியவில்லை. தள்ளுபடியை வாங்கும் முன்பு இதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

இப்போது எங்கள் இரண்டாவது இணைப்பு கேபிள் இல்லை, வேறு நிறுவனத்தின் சிம் போட்ட ரவுட்டர். வேகம் குறைவு, ஆனால் முதல் லைன் போனால் தானாகவே மாறிக்கொள்ளும். மாதம் ஒருமுறை வேலை முடிந்த பிறகு கேபிளை வேண்டுமென்றே கழற்றிவிட்டுச் சோதிக்கிறோம். முதல் தடவை கழற்றியபோது மாறவே இல்லை, ரவுட்டர் செட்டிங்கில் தவறு இருந்தது. சோதிக்காமல் விட்டிருந்தால் அடுத்த பொக்லைன் வந்த அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

கையெழுத்துப் போடும் முன்பு அவர்களுடைய உதவி எண்ணுக்கு ஒரு ஞாயிறு இரவு அழைத்துப் பாருங்கள், மனிதர் யாராவது எடுக்கிறாரா என்று. உங்கள் தொலைபேசி எண் யார் பெயரில் பதிவாகிறது, நிறுவனம் மாறினால் எண்ணைக் கூடவே கொண்டுபோக முடியுமா என்பதையும் கேளுங்கள். பல வருடமாக வாடிக்கையாளர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் எண் அது.

எங்கள் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்க வந்தவரிடம் கேபிள் எந்தெந்த வழியாக எங்கள் கட்டடத்துக்கு வருகிறது என்று ஒரு தாளில் வரைந்து தரச் சொன்னேன். தெரியாது, கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று போயிருக்கிறார். அவர் வரைந்து கொண்டு வரட்டும், அதுவரை நான் கையெழுத்துப் போடப் போவதில்லை.

இப்படிக்கு,
ஓர் அச்சக உரிமையாளர்