பாய்லர் நன்றாகத்தான் இருந்தது

ஷெஃபீல்டு, இங்கிலாந்து,
டிசம்பர் மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலமும் அம்மாவின் மூட்டுவலி குறைந்ததா என்பதும் அறிய ஆவல்.

வீட்டைச் சூடாக வைக்கும் ஹீட்டிங் வேலை செய்யவில்லை என்று போனில் சொன்னதிலிருந்து நீங்கள் கவலைப்படுவதாக அம்மா சொன்னாள். சரியாகிவிட்டது. மோட்டார் வைண்டிங்கிலேயே காலம் கழித்த உங்களுக்கு இரண்டு வரியில் சொன்னால் போதாது என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

இந்த வீட்டில் சமையலறைச் சுவரில் ஒரு பழைய கேஸ் பாய்லர் இருக்கிறது. அது சுடவைக்கும் தண்ணீரை ஒரு பம்ப் அறை அறையாக ரேடியேட்டர்களுக்குள், அதாவது அறையைச் சூடாக்கச் சுவரோரம் வைத்திருக்கும் இரும்புத் தகடுகளுக்குள், சுற்ற விடும். குளிக்கிற வெந்நீருக்கு மாடியில் தனியாக ஒரு செம்பு சிலிண்டர். எது எந்த நேரத்தில் ஓட வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்வது டைமர். எங்களுடையது முள் குத்திய வட்ட டயல் போட்ட பழைய மாடல். ஒருநாள் விடிகாலையில் வீடு குளிர்ந்து கிடந்தது. டயல் ராத்திரி இரண்டு மணியிலேயே நின்றிருந்தது.

பார்க்க வந்தவர் பாய்லரையே மாற்றிவிடுங்கள், இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல் ஆகும் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. டைமரில் ‘எப்போதும் ஓடு’ என்று ஒரு நிலை உண்டு. அதில் தள்ளியதும் பாய்லர் பற்றிக்கொண்டது, பம்ப் ஓடியது, கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டரும் சுட்டது. அப்படியானால் பாய்லரில் கோளாறு இல்லை, கடிகாரம்தான் செத்திருக்கிறது. முதலில் எது ஓடுகிறது என்று பார், அப்புறம் எது ஓடவில்லை என்று தேடு என்று பட்டறையில் நீங்கள் பையன்களுக்குச் சொல்வீர்களே, அதைத்தான் செய்தேன்.

இங்கே கேஸ் வேலையை ‘கேஸ் சேஃப்’ பதிவு உள்ளவர்தான் செய்ய வேண்டும். பாய்லர் மூடியை நான் தொடவே இல்லை. டைமர் தனியாகச் சுவரில் இருப்பதால் அதை மாற்றுவது வெறும் கரண்ட் வேலை. பாய்லருக்கென்று இருக்கும் சுவிட்சை அணைத்து, அதிலிருந்த 3 ஆம்பியர் ஃபியூஸைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். டெஸ்டரை முதலில் ஓடுகிற பிளக்கில் வைத்து அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டைமர் வயரில் வைத்தேன்.

உள்ளே பார்த்தால் நம் ஊர் போலவே சிவப்பும் கறுப்பும்! 2006-க்குப் பிறகு போட்ட வயரிங் என்றால் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல். ஆனால் டைமரிலிருந்து போகிற மற்ற வயர்களில் கலரை நம்ப முடியாது. வயர் மாட்டும் இடங்களுக்குப் பழைய டைமரில் போட்டிருக்கும் நம்பரும் புதியதில் இருக்கும் நம்பரும் ஒத்துப்போகவில்லை. அதனால் போட்டோ எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வயரிலும் அது செய்யும் வேலையை எழுதி ஒட்டினேன்: பேஸ், நியூட்ரல், ஹீட்டிங் ஆன், வெந்நீர் ஆன், வெந்நீர் ஆஃப். இந்தக் கடைசி வயர் வேண்டாத வயர் போலத் தோன்றும். எங்கள் வீட்டில் ஒரே வால்வுதான் தண்ணீரை ரேடியேட்டருக்கும் சிலிண்டருக்கும் பிரித்து விடுகிறது. இந்த வயரை விட்டுவிட்டால், ஹீட்டிங் மட்டும் போட்டாலும் சிலிண்டரும் சேர்ந்து சுடும், கேஸ் வீண்.

புதிய டைமருக்குப் பின்தகடு ஒன்று தனியாக வருகிறது. அதைச் சுவரில் முடுக்கி, வயர்களை மாட்டி, டைமரை மேலே தொங்கவிட்டு அடியில் இரண்டு ஸ்க்ரூ போட்டால் முடிந்தது. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் தனி நேரம் வைக்கலாம். இங்கே மார்ச்சிலும் அக்டோபரிலும் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள். அதையும் தானே செய்துகொள்கிறது.

பழையதைப் பிரித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் நன்றாகவே இருக்கின்றன. பெரிய பொத்தான் அளவுக்கு, கரண்டின் சைக்கிளோடு ஒத்துச் சுற்றுகிற ஒரு சின்க்ரனஸ் மோட்டார், அதன் காயில்தான் அறுந்திருக்கிறது. 50 சைக்கிள் கரண்டை வைத்தே நேரம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த வயர் தலைமுடியை விட மெல்லிசு. தூக்கிப் போடவில்லை, நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

நீங்களும் அம்மாவும் வரப்போகும் ஜனவரியில் இங்கே விடிய எட்டு மணி ஆகும், மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். அம்மா நாலரைக்கே எழுந்துவிடுவாள் என்பதால் நீங்கள் வரும் வாரத்திலிருந்து நாலு மணிக்கே ஹீட்டிங் ஓடும்படி வைத்திருக்கிறேன். மாடி அறை ரேடியேட்டரில் காற்று சேர்ந்து மேல்பாதி சுடாமல் இருந்தது, அதையும் திறந்து விட்டாயிற்று. கனமான கம்பளி எதுவும் வாங்கிப் பெட்டியை நிரப்ப வேண்டாம். அம்மாவின் மூட்டுக்குத் தடவும் தைலம் மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள், அது இங்கே கிடைக்காது. விசா வந்ததும் உடனே போன் செய்யுங்கள், டிக்கெட் போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்