மழையிலும் குளிரிலும் கை கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

பருவம் தப்பி வந்த குளிரிலும் விடாத மழையிலும் ஆறு, கால்வாய் வழியே படகில் வந்த எங்கள் குழுவுக்கு நீங்கள் செய்த உதவிகளைப் பெயர் சொல்லாமல், செயலைச் சொல்லி நன்றி கூறுகிறோம்.

முதலில் லாக் பணியாளர்களுக்கு (லாக் என்பது நீரை ஏற்றி இறக்கிப் படகை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்குக் கடத்தும், இருபுறமும் கேட் போட்ட தொட்டி). லாக்கில் நீர் இறங்கும்போது, மேல்கேட்டின் அடியில் இருக்கும் திட்டில் படகின் அமரம் (பின்முனை) மாட்டிக்கொண்டால் அணியம் (முன்முனை) தாழ்ந்து சில நிமிடங்களில் படகே மூழ்கிவிடும். மழையில் சுவரிலுள்ள எல்லைக்கோடு சரியாகத் தெரிவதில்லை. "இன்னும் முன்னால வாங்க" என்று குரல் கொடுத்து, படகு கோட்டைத் தாண்டி நின்ற பிறகுதான் ஷட்டரைத் தொட்டீர்கள். மேலே ஏறும்போது கால்வாசி, பிறகு பாதி என்று நிதானமாகத் திறந்தீர்கள். ஒரேயடியாகத் திறந்திருந்தால் பாய்ந்து வரும் நீர் படகை முன்னும் பின்னும் இழுத்து அடித்திருக்கும். கயிற்றை முளையில் ஒரு சுற்று மட்டும் சுற்றிக் கையில் பிடிக்கச் சொன்னதும் பெரிய உதவி. முடிச்சுப் போட்டால் நீர் இறங்க இறங்கப் படகு கயிற்றில் தொங்கும். நனைந்து இறுகிய முடிச்சை அவசரத்தில் அவிழ்க்க முடியாது, வெட்டத்தான் வேண்டும்.

"இன்னிக்கு ஆத்துல இறங்க வேண்டாம்" என்று கரையிலிருந்து தடுத்த பெரியவருக்குத் தனி நன்றி. மழை நின்ற பிறகும் மேல்நிலத்து நீர் வந்து சேரும்வரை ஆறு ஏறிக்கொண்டேதான் இருக்கும். மணிக்கு 7 கிலோமீட்டர் ஓடும் படகு, 5 கிலோமீட்டர் வேக நீரோட்டத்தை எதிர்த்தால் கரையைப் பொறுத்து 2 கிலோமீட்டர்தான் நகரும். ஓட்டத்தோடு போனால் 12. அந்த வேகத்தில் பாலத்தூணுக்கு முன் நிறுத்துவது கடினம். வேகத்தைக் குறைத்தாலோ சுக்கான் பிடி கொடுக்காது.

இரவில் எழுந்து எங்கள் கயிறுகளையும் பார்த்துக்கொண்ட பக்கத்துப் படகுக்காரர்களே, நீர் ஏறும்போது கயிறு இறுகிப் படகு சாயும் என்பது பலருக்கும் தெரியும். தளர்த்தி விட்டால் மட்டும் போதாது, படகு கரைமேல் ஏறி, நீர் வடியும்போது அங்கேயே தட்டி நிற்கும் என்று சொல்லி, படகுக்கும் கரைக்கும் நடுவே கழியை நட்டுக் கொடுத்தது நீங்கள்தான்.

புரொப்பெல்லரில் சுற்றிய பாசியையும் பிளாஸ்டிக் உறையையும் விறைத்த விரல்களோடு அறுத்தெடுத்த மெக்கானிக் அண்ணனுக்கும் நன்றி. இன்ஜினை நிறுத்தி, சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டுதான், புரொப்பெல்லருக்கு மேலே படகுக்குள் இருக்கும் துளையின் மூடியைத் திறந்தார். திரும்ப மூடி, திருகை இருமுறை சோதித்தபின்தான் இன்ஜினைப் போடச் சொன்னார். அந்த மூடி சரியாக உட்காராவிட்டால் புரொப்பெல்லர் தண்ணீரை உள்ளே வாரி இறைத்துவிடும்.

புரொப்பேன் சிலிண்டர் கொடுத்தவருக்கு: பூட்டேன் 0 டிகிரியை நெருங்கும்போது ஆவியாவதில்லை, அடுப்பு சோர்ந்துவிடும். புரொப்பேனுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அதற்கேற்ற ரெகுலேட்டரையும் மறக்காமல் தந்தீர்கள். குளிருக்குப் பயந்து காற்றுத்துளைகளைத் துணியால் அடைக்கப் பார்த்தவர்களை நீங்கள் கண்டித்ததும் நியாயமே. 1 கிலோ எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை கிலோ நீராவி கேபினுக்குள் சேரும். மெத்தையின் அடிப்பக்கம் நனைவது இதனாலும்தான். அதைவிட மோசம் கார்பன் மோனாக்சைடு. வாசனையே இல்லாதது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

உலர்ந்த விறகு தந்தவர்கள், ஈர உடைகளைக் காயப்போட இடம் விட்டவர்கள், எல்லோருக்கும் நன்றி.

இரவலாகத் தந்த வடத்தைக் காயவைத்து லாக் அறையில் ஒப்படைத்திருக்கிறோம். ஒரு முனையில் நார் பிரிந்திருந்ததால் ஓர் அடி வெட்டி, நுனியைச் சுட்டு உருக்கியிருக்கிறோம். சிலிண்டரும் அங்கேயே இருக்கிறது.

இப்படிக்கு,
படகுக் குழுவினர்