சிங்கை நேசனை என்னோடு உட்கார்ந்து படித்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை பழைய மாணவர் சந்திப்பில் மைக்கைக் கையில் கொடுத்ததும் நன்றி சொல்ல வேண்டிய பெயரெல்லாம் மறந்துபோனது, பாதியில் தொண்டை வேறு அடைத்துக்கொண்டது. அதனால்தான் இந்த மடல்.

என் முதுகலை ஆய்வு 'சிங்கை நேசன்' பற்றியது. சிங்கப்பூரில் மகதூம் சாயபு நடத்திய தமிழ் வாரப் பத்திரிகை, 1887 ஜூன் 27, ஒரு திங்கட்கிழமை, முதல் இதழ் வந்தது; 1890இல் நின்றுவிட்டது. மூன்றே வருஷம்தானே, ஒரு விடுமுறையில் படித்துவிடலாம் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள்.

முதல் நாள் மைக்ரோபிலிம் சுருளைத் தலைகீழாக மாட்டி முழித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வார்த்தை பேசாமல் வந்து திருப்பிப் போட்டுவிட்டுப் போன தேசிய நூலக அக்காவுக்கு முதல் நன்றி.

அப்புறம் டீச்சர். அங் மோ கியோ வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, வாரம் தவறாமல் என்னோடு உட்கார்ந்தவர். நான் 1983இல் இங்கே எழுத்துச் சீர்திருத்தம் வந்த அப்புறம் பள்ளிக்குப் போனவள், பழைய அச்சில் தும்பிக்கை வைத்த 'லை', 'னை' எல்லாம் கண்ணில் பட்டால் வாசிப்பே தடுக்கும். பழைய அச்சில் ௨ என்றால் இரண்டு என்பதுகூடத் தெரியாமல் 'உ' என்றே தட்டச்சு செய்து வைத்திருந்தேன், ஒன்றிரண்டு இடத்தில் இல்லை, இரண்டு மாத வேலை முழுவதும். டீச்சர் பார்த்தார், திட்டவில்லை. "சரி, முதல் பக்கத்திலிருந்து வா" என்றார். அன்றைக்கு அவர் போட்ட டீயை ஆறிய பிறகுதான் குடித்தோம்.

ஒப்படைக்க ஒரு மாதம் இருக்கும்போது மடிக்கணினி செத்துப்போனது. காப்பு எடுத்து வைக்காதது என் மடத்தனம். ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்து கோப்புகளை மீட்டுக் கொடுத்துவிட்டு, காசு வேண்டாம், பிரியாணி போதும் என்ற சீனியர் அண்ணனுக்குப் பிரியாணி பாக்கி இருக்கிறது.

என் மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் "இதை யார் காசு கொடுத்து வாங்கினார்கள்?" என்று அவர் கேட்ட ஒரு கேள்விதான் என் ஆய்வையே திருப்பிப் போட்டது. அந்தக் கேள்வியோடு வீட்டுக்குப் போனால், அம்மா வேறொரு காசுக் கதை சொன்னார். 1950களில் 'தமிழ் முரசு' நாளிதழை நடத்திய சாரங்கபாணி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்க வேண்டும் என்று 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது துறைமுகக் கூலியான தாத்தாவும் ஒரு வெள்ளி கொடுத்தாராம். 1956இல் அங்கே இந்திய ஆய்வியல் துறை வந்தது. தாத்தா எந்தப் பல்கலைக்கழக வாசலையும் மிதித்ததில்லை. முன்னுரையில் அவர் பெயரையும் சேர்த்துவிட்டேன், மேற்பார்வையாளர் ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை நாற்காலி அடுக்கிய தம்பி தங்கைகளுக்கும், வடை வாங்கி வந்தவர்களுக்கும், படத்திரை வேலை செய்யாதபோது கைபேசியைச் சுற்றுக்கு விட்டுப் பக்கங்களைப் பார்த்தவர்களுக்கும் நன்றி.

டீச்சர், உங்கள் பூதக்கண்ணாடி இன்னும் என் பையில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்.