விரல் நுனியின் சூட்டைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன அழுத்தத்துக்கு பயோஃபீட்பேக் (உடலின் மாற்றங்களைக் கருவியில் பார்த்தபடியே அவற்றைக் கட்டுப்படுத்தப் பழகும் பயிற்சி) என்றதும் பலரும் விலை கூடிய கருவிகளைத்தான் நினைக்கிறார்கள். மெல்லிய கம்பி முனையுள்ள டிஜிட்டல் வெப்பமானி ஒன்றே தொடங்கப் போதும். பதற்றத்தில் விரல்களின் ரத்தக் குழாய்கள் சுருங்கி விரல் குளிரும். மனம் தளர்ந்தால் சூடேறும்.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. பெரும்பாலும் அது 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே காட்டாது. எட்டிய உச்சத்தையே பிடித்துவைத்துக்கொள்ளும். கம்பி முனையை நடுவிரல் நுனியின் சதைப்பகுதியில் காகித பிளாஸ்திரியால் ஒட்டுங்கள். விரலைச் சுற்றி இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைபட்டு அளவு பொய்யாகிவிடும். 5 நிமிடம் சும்மா இருந்து தொடக்க அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 4 விநாடி மூச்சை இழுத்து, 6 விநாடி விடுங்கள். மொத்தம் 15 நிமிடம். 35 டிகிரியைத் தொட்டால் நல்ல தளர்வு.

பலரும் சறுக்குவது ஓரிடத்தில்தான். ‘ஏறு, ஏறு’ என்று எண்ணையே முறைத்துக்கொண்டிருந்தால் அது இறங்கும்! வலிந்து முயல்வதும் பதற்றமே. ஏசி காற்று, சற்றுமுன் குடித்த காபி, சிகரெட் ஆகியவையும் விரலைக் குளிர்விக்கும். ரத்த அழுத்தம், இதய நோய்க்குத் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரையும் அப்படித்தான். அதற்காக அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இன்சுலின் போடுபவர்களுக்குத் தளர்வுப் பயிற்சியால் சர்க்கரை இறங்கக்கூடும் என்பதால், மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும்.

– வாசகர், திருச்சி