பழைய பதிவேடுகளைக் கழித்துவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தம் குடும்பத்தின் வம்சாவளியை எழுதிவைக்க முனைவோர் பெருகி வருகின்றனர். அவர்களில் பலர், பிறப்புப் பதிவேட்டில் முன்னோரின் பெயர் அகப்படவில்லை என்றதும் தேடலைக் கைவிட்டுவிடுகிறார்கள். ஒருவருடைய வாழ்வு ஒரே ஏட்டில் மட்டும் பதிவாவதில்லை என்பதை அவர்களுக்கும், பழைய ஏடுகளைத் தம் பொறுப்பில் வைத்திருப்போருக்கும் எடுத்துச்சொல்லவே இதை எழுதுகிறேன்.

அயர்லாந்தில் 1922ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரின்போது டப்ளினில் இருந்த பொது ஆவணக் காப்பகம் தீக்கிரையானது. 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பகுதி அதில் அழிந்தது. ஆயினும், நிலவரி மதிப்பீட்டுக்காக 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொகுக்கப்பட்ட பட்டியல்களில் நிலத்தையும் வீட்டையும் அனுபவித்துவந்தவர்களின் பெயர்கள் ஊர்வாரியாக இருப்பதால், இன்றும் பல குடும்பங்கள் அவற்றைக் கொண்டே தம் முன்னோரைக் கண்டடைகின்றன. வரி வசூலிக்க எழுதிய ஏடு கொடிவழிக்குச் சான்றாகும் என்று அதை எழுதியவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள். ஆகவே நிலப் பத்திரம், பள்ளிச் சேர்க்கை ஏடு, ஓய்வூதியக் கோப்பு, கப்பல் பயணியர் பட்டியல், இடுகாட்டுப் பதிவு என எதையும் புறக்கணிக்கலாகாது.

தீயைவிட என்னை அதிகம் வருத்துவது மனிதர் எடுத்த முடிவுகளே. அதே அயர்லாந்தில் 1861 முதல் 1891 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளின் ஏடுகள் தீவிபத்துக்கு முன்பே அரசின் ஆணையால் அழிக்கப்பட்டிருந்தன. அமெரிக்காவிலும் 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் ஏடுகள் 1921இல் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தில் கருகியும் நனைந்தும் போயின. அவற்றில் எஞ்சியவற்றையும் பயனற்றவை எனக் கருதிப் பின்னர் கழித்துவிட்டார்கள். இடமில்லை என்ற காரணத்துக்காக ஒரு தலைமுறையின் தடயத்தையே இழப்பது எவ்வளவு கொடிய இழப்பு என்பதைத் தேடி அலைந்தவர்கள் அறிவார்கள்.

கிடைத்த ஏட்டையும் நிதானித்துப் படிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழில் இறந்த தேதி பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் அதிலுள்ள வயதும் பெற்றோர் பெயரும், துயரத்தின் நடுவே உறவினர் ஒருவர் நினைவிலிருந்து சொன்னவை. சொன்னவர் யார் என்பதைப் பொறுத்தே சான்றின் வலு அமைகிறது. அமெரிக்காவின் 1940ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வீட்டில் தகவல் அளித்தவரின் பெயருக்கு அருகே வட்டமிட்ட பெருக்கல் குறி இட்டார்கள். இத்தகைய தெளிவு வேறெங்கும் எளிதில் வாய்ப்பதில்லை. பெயர்ப்பட்டியலை மட்டும் நம்பாமல் மூல ஏட்டின் படத்தையே பார்ப்பதும் அவசியம். படியெடுத்தவர் ஓரெழுத்தைத் தவறாகப் படித்திருந்தாலும் ஒரு முன்னோர் மறைந்துபோவார்.

நாளிதழ்களும் இத்தகைய ஆவணங்களே என்பதைத் தங்களிடம் தனியே குறிப்பிட விரும்புகிறேன். திருமணத்துக்குப் பின் பெயர் மாறிய பெண்களை அரசு ஏடுகளில் பின்தொடர்வது மிகக் கடினம். ஆனால் ஒரு மரண அறிவித்தலில் மகள்களின் பெயர்களும் மருமகன்களின் பெயர்களும், பல சமயங்களில் அவர்கள் வாழும் ஊர்களும் ஒருங்கே கிடைக்கின்றன. அந்தச் சில வரிகளில் மூன்று தலைமுறைகள் இணைந்து நிற்பதை நானே கண்டிருக்கிறேன். எனவே தங்கள் நாளிதழின் பழைய இதழ்களில் வெளிவந்த மரண அறிவித்தல்களையும் நினைவஞ்சலிகளையும் படம்பிடித்துப் பாதுகாத்து, பெயரைக் கொண்டு தேடும் வகையில் வாசகர்களுக்குத் திறந்துவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். முழுத் தொகுப்பையும் உடனே செய்ய இயலாவிடில், தாள் நொறுங்கத் தொடங்கியுள்ள மிகப் பழைய இதழ்களையாவது முதலில் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்