படம் அந்த மக்களிடம் திரும்பட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மானிடவியல் மாணவர்கள் கேமராவுடன் களப்பணிக்குப் போவது வழக்கமாகிவிட்டது. வரவேற்கிறேன். ஆனால் எடுத்த படத்தை அந்த மக்களுக்கே போட்டுக்காட்டும் பழக்கமும் வேரூன்ற வேண்டும். பிரெஞ்சு மானிடவியலாளர் ழான் ரூஷ், மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் ஆற்றில் நடந்த நீர்யானை வேட்டையைப் படமாக்கி, 1954-இல் அந்த ஊர் மக்களுக்கே திரையிட்டார். வேட்டைக் காட்சியின் பின்னணியில் அவர்களுடைய இசையையே சேர்த்திருந்தார். வேட்டைக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீருக்குள் இருக்கும் நீர்யானைக்கு அந்தச் சத்தம் கேட்டுவிடுமே, வேட்டையில் அமைதி அல்லவா வேண்டும் என்றார்கள். ரூஷ் இசையை நீக்கினார். எந்தப் பேராசிரியருக்கும் தோன்றியிருக்காத திருத்தம் அது!

நம் பக்கத்திலும் வேலை பாக்கி இருக்கிறது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலின் ஏழு தொகுதிகளில் தோடர், இருளர் பழங்குடியினரின் புகைப்படங்கள் உள்ளன. பெரும்பாலான படங்களின் கீழே இனத்தின் பெயர்தான் இருக்கிறது, ஆளின் பெயர் இல்லை. அவற்றை அவர்களுடைய குடியிருப்புகளான தோடர் மந்துகளுக்கும் இருளர் பதிகளுக்கும் கொண்டுசென்று, பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுப் பதிவு செய்ய அருங்காட்சியகத் துறை முன்வர வேண்டும்.

- வாசகர், கோத்தகிரி