வடசென்னைப் பள்ளி ஆசிரியர்களுக்கு: கரண்ட் வைத்த பிள்ளைகளைப் பற்றி

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரைக்கும், இந்தப் பக்கம் வியாசர்பாடி, கொடுங்கையூர் வரைக்கும் பாடம் நடத்துகிற உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். என் மகள் ஒன்பதாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பில் இருந்தபோது அவளுக்குச் சிறுமூளையில் கட்டி வந்தது. ஆபரேஷன், கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் அப்படிச் சொல்கிறோம்), அப்புறம் கீமோ என்று எல்லாம் முடிந்து, முடியும் வளர்ந்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கு அவள் எல்லாரையும் போல ஒரு பிள்ளை. சிக்கலே அங்கேதான். "அதான் சரியாயிடுச்சுல்லம்மா, அப்புறம் ஏன் எழுத மாட்டேங்கிறா?" என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்கிறார்கள். ரேங்க் கார்டில் 'சோம்பல்' என்று எழுதி அனுப்புகிறார்கள்.

எழுதியவர்மீது எனக்குக் கோபம் இல்லை. தலையில் வைத்த கரண்ட் பல வருஷம் கழித்து வேலையைக் காட்டும் என்று பி.எட். வகுப்பில் யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவளுக்கு வந்தது மெட்டுலோபிளாஸ்டோமா. குழந்தைகளுக்கு வரும் மூளைப் புற்றுகளில் இதுதான் அதிகம். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீரில் கலந்து முதுகு வரை இறங்கக்கூடியது. அதனால் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கதிர் கொடுத்தால் போதாது. முழு மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் கொடுக்க வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை, ஏறக்குறைய ஆறு வாரம். இப்படிக் கொடுத்தால் பிள்ளைகள் பிழைக்கிறார்கள் என்று 1953இல் மான்செஸ்டர் மருத்துவர்கள் எழுதினார்கள். பாதிப்பும் பின்னாலேயே தெரியவந்தது. அதனால்தான் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கதிரை முடிந்தவரை தள்ளிப்போடுகிறார்கள். பெரிய பிள்ளைகளுக்கும் 36 கிரே (கதிரை அளக்கும் அலகு) கொடுத்துவந்ததை, கட்டி பரவாதிருந்தால் கீமோவைச் சேர்த்து 23.4 ஆகக் குறைத்தார்கள். 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு அதையும் 18 ஆக்கிப் பார்த்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது: குறைத்தவர்களில் கட்டி திரும்ப வந்தது கூடிவிட்டது. ஆக, டாக்டர்கள் விளைவு தெரியாமல் கொடுக்கவில்லை. எனக்கும் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். இன்றைக்குக் கேட்டாலும் போடுவேன்.

உங்களிடம் சொல்ல வந்தது அதற்குப் பிறகான கதை. மூளையின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பிழைகளைக் கதிர் பாதிக்கிறது. படித்தது மறந்துபோவதில்லை, புதிதாகச் சேர்வதுதான் மெதுவாகச் சேர்கிறது. மூன்றாம் வகுப்பில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆறு, ஏழாம் வகுப்பு வரும்போது மற்ற பிள்ளைகள் முன்னே போய்விடுகிறார்கள், இவள் பின்தங்கியது பளிச்சென்று தெரிகிறது. எவ்வளவு சின்ன வயதில் கரண்ட் வைத்தார்களோ, அவ்வளவுக்குப் பாதிப்பும் அதிகம்.

போர்டில் அறிவியல் கேள்வி பதில் எழுதிப்போடுகிறீர்கள். அவள் நிமிர்ந்து பார்த்து, மூன்று சொல்லை மனதில் பிடித்துக்கொண்டு, குனிந்து எழுதி, மறுபடி நிமிர்ந்து விட்ட இடத்தைத் தேடுகிறாள். மூன்றாவது வரிக்கு வரும்போது போர்டு துடைத்தாகிவிட்டது. பரீட்சையில் கடைசி இரண்டு பக்கம் வெறுமையாக இருக்கும். அதே கேள்வியை வீட்டில் வாய்மொழியாகக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால், ஒளிச்சேர்க்கையை அழகாகச் சொல்வாள். "நோட்டை எடு, புத்தகத்தைத் திற, மூணாவது கணக்கைப் போடு" என்று ஒரே மூச்சில் சொன்னால் நோட்டு மட்டும் வெளியே வரும். மிச்சத்தைப் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்பாள். வகுப்பில் பேசினாள் என்று அதற்கும் திட்டு விழும்.

அப்புறம் காது. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் கதிரும் சேர்ந்து உள்காதைக் கெடுக்கும். முதலில் போவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள். நீங்கள் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவாள்; காது நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். ஆனால் டிக்டேஷனில் கட்டு, தட்டு, பட்டு மூன்றும் அவளுக்கு ஒன்று போலத்தான் கேட்கின்றன. ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் அதுவும் போச்சு. உங்கள் முகம் தெரிகிற மாதிரி முன்பெஞ்சில், ரோட்டு ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் அவளை உட்கார வையுங்கள். போர்டைப் பார்த்தபடியே பாடம் நடத்தாதீர்கள்.

உயரம் குறைவாக இருப்பதும் கதிரால்தான். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வளர்ச்சி ஹார்மோன் குறைகிறது, முதுகெலும்பும் முழுசாக வளர்வதில்லை. தைராய்டு குறைந்தால் சோர்ந்து தூங்கி வழிவாள். அசெம்பிளியில் உயர வரிசைப்படி முதல் ஆளாக நிறுத்துங்கள், பரவாயில்லை. அதை வைத்துப் பெயர் வைக்கிறார்கள் பாருங்கள், அதை மட்டும் நிறுத்துங்கள். சிறுமூளையில் ஆபரேஷன் ஆனதால் ஓட்டத்தில் தடுமாறுவாள், அதை பி.இ.டி. சாரிடமும் சொல்ல வேண்டும். புதிதாகத் தலைவலி, வாந்தி, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது என்று எது வந்தாலும் "நடிக்கிறா" என்று விடாமல் உடனே எங்களுக்குப் போன் போடுங்கள். மூளை ரத்தக்குழாயில் அடைப்பும், கதிராலேயே இன்னொரு கட்டியும் வருஷங்கள் கழித்து வரக்கூடும்.

இதற்கெல்லாம் மாற்றுத்திறனாளி அட்டை வாங்கினால் ஆயிற்று என்பீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை இருக்கிறது. காது கேளாமை என்றால் பேச்சு அலைவரிசையில் இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு வேண்டும். இவளுக்குப் போனது பெரும்பாலும் அந்த அலைவரிசைக்கு மேலே இருக்கிற கீச்சொலிகள். அறிவுத்திறன் குறைபாடு இல்லை. டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடும் இல்லை. எழுதுவதில் மெதுவு என்று தனியாக ஒரு வகையும் இல்லை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறவளுக்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

ஆனாலும் கேட்டுப் பார்க்காமல் விடக்கூடாது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் தருகிறது. மருத்துவச் சான்றோடு தலைமை ஆசிரியர் வழியாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும். கடைசி நேரத்தில் அலையாமல் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள். வகுப்புத் தேர்வில் கால் மணி நேரம் கூடுதலாகக் கொடுக்க எந்த அட்டையும் வேண்டாம், உங்கள் மனசு போதும். மும்பை டாடா மருத்துவமனையில் புற்றுநோய் சிகிச்சை முடிந்த பிள்ளைகளுக்கென்றே 1991 முதல் தனிக் கிளினிக் நடக்கிறது. இங்கே செக்கப்புக்காக ஊரின் அந்தக் கோடிக்குப் போய் வரிசையில் நின்று திரும்பினால் ஒரு நாள் போய்விடுகிறது. அந்த லீவை வருகைப் பதிவில் குற்றமாக எண்ணாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இது தலைமை ஆசிரியர்களுக்கு. ஐந்தாம் வகுப்பு முடிந்து வேறு பள்ளிக்குப் போகும்போது டி.சி.யில் பிறந்த தேதியும் அங்க அடையாளமும் இருக்கிறது, இந்த விஷயம் இல்லை. பாதிப்பு வெளியே தெரிய ஆரம்பிப்பதும் சரியாக அந்த வயதில்தான். எமிஸ் என்கிற கல்வித்துறை இணையப் பதிவில் எதையெதையோ ஏற்றச் சொல்கிறார்கள், உங்கள் கஷ்டம் புரிகிறது. அதனால் ஒரே ஒரு தாள் போதும். எந்த வயதில் எவ்வளவு கதிர், என்ன மருந்து, என்னென்ன பார்க்க வேண்டும் என்ற சிகிச்சைச் சுருக்கத்தை ஆஸ்பத்திரியில் கேட்டால் தருவார்கள். பெற்றோரிடம் கேட்டு அதன் ஜெராக்ஸை டி.சி.யோடு பின் அடித்து அனுப்புங்கள். அடுத்த பள்ளியில் அதை ஃபைலில் போட்டு மூடாமல் வகுப்பாசிரியர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அம்மா,
தண்டையார்பேட்டை